கன்றுக்குட்டிச் சலங்கை

தனக்கொடியைப் பற்றி ஊரில் யாரிடம் கேட்டாலும் முதலில் மாவு மெஷின் கதையைத்தான் சொல்வார்கள். பாகூருக்கு மேற்கே இரண்டு மைலில் இருக்கிற அந்தச் சின்ன ஊரில் மெஷின் கிடையாது. கடைத்தெருவுக்குத்தான் போகவேண்டும். மூத்தவள் விஜயகுமாரி அப்போது எட்டு மாதக் குழந்தை. அவளை மெஷின் கடை பெஞ்சில் கிடத்திவிட்டுக் கேழ்வரகை அரைக்கக் கொடுத்தாள், மாவை வாங்கினாள், கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். குழந்தை வரவில்லை. மெஷின்காரர் சைக்கிளில் ஒரு ஆளை ஏற்றி, மாவு பூத்த முகத்தோடு குழந்தையைக் கொடுத்தனுப்பினார்.

"இடுப்புல புள்ளய வச்சிக்கினு ஊரெல்லாம் தேடனவள கேள்விப்பட்டிருக்கேன். புள்ளய உட்டுட்டு மாவ தூக்கினு வந்தவள இப்பத்தான் பாக்கறேன்" என்று சைக்கிள்காரன் சொன்னது ஏழு வருஷம் ஆகியும் ஊரில் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவள் ஒரு வாய்ச் சோறு தின்னவில்லை, குழந்தையை மடியை விட்டு இறக்கவில்லை என்பதைக் கதையோடு சேர்த்துச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கதை சொல்கிறவர்களுக்கு அதெல்லாம் தேவைப்படுவதில்லை.

சோம்பேறி என்று அவளைச் சொன்னால் சொன்னவன் வாய் அழுகிப்போகும். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்கள். இவளுக்கு வேலையும் இருந்தது, நிற்க நேரமும் இல்லை. உலை வைத்துவிட்டு மிளகாய் பறிக்கத் தோட்டத்துக்குப் போவாள். அங்கே கன்றுக்குட்டி கயிற்றில் சிக்கிக்கொண்டிருக்கும், அதை அவிழ்ப்பாள். அவிழ்க்கும்போது வேலியில் ஓட்டை தெரியும். முள் வெட்டப் போவாள். முள்ளோடு திரும்பும்போது சோறு தீய்ந்த வாடை தெருமுனை வரை வந்திருக்கும். ஆனால் நடவு என்று வயலில் இறங்கினால் இரண்டு ஆள் வேலையை ஒருத்தியாகச் செய்வாள், குனிந்த தலை நிமிராது. கூரை மேல் பாம்பு ஊர்ந்தால் தெருவில் முதலில் பார்க்கிறவள் அவள்தான். பிள்ளைகளோடு விளையாட உட்கார்ந்தால் அடுத்த தெருப் பிள்ளைகளும் வந்து சேர்ந்துவிடும். இப்போது இதற்கு டாக்டர்கள் ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். 1977-இல் எங்கள் பக்கத்தில் அதற்கு இருந்த பேர் ஒன்றுதான்: கவனங்கெட்டவள்.

அந்த வருஷம் பொங்கல் முடிந்த வாரத்தில்தான் விஷயம் முற்றியது. மோட்டார் கொட்டகைத் தொட்டியருகே துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மூன்று வயது மகன் ஏகநாதன். வாய்க்கால் கரை ஓரிடத்தில் உடைந்து, பாய்கிற தண்ணீர் வீணாய்ப் போவது கண்ணில் பட்டது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள். கரையை நன்றாகத்தான் அடைத்தாள். திரும்பி வருவதற்குள் பிள்ளை தொட்டியில் விழுந்திருந்தான். அந்த வழியாய் வந்த சாமிக்கண்ணு மேஸ்திரி தலைமயிரைப் பிடித்துத் தூக்கிப் போட்டிருக்காவிட்டால் சொல்லுவதற்கு இந்தக் கதையே இல்லை.

சேதி கேட்டு வில்லியனூரிலிருந்து நாத்தனார் பவுனம்மாள் வந்து இறங்கினாள். அவள் புருஷன் அங்கே தவிட்டுக்கடை வைத்திருந்தான். கல்யாணமாகிப் பதினாறு வருஷம், பிள்ளை இல்லை. கெட்ட மனுஷி என்று சொல்ல முடியாது. ஏகநாதனைப் பார்த்தால் அவள் கண்ணில் வருகிற நீர் பொய் நீர் அல்ல. தம்பியை, தனக்கொடியின் புருஷன் சுப்பராயலுவை, உட்காரவைத்துப் பேசினாள்.

"பொட்டப் புள்ளைங்க ரெண்டையும் அவ வச்சிக்கட்டும்பா. பையன எங்கிட்ட குடு. உசுரோட இருந்தா எங்க வளந்தா இன்னா?"

சுப்பராயலு நல்லவன், வாய் பேசாதவன். பேசாத நல்லவர்களால் வருகிற கஷ்டம் தனி. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "மாசி மகம் வரிக்கும் பாப்பம்க்கா. அதுக்குள்ள இன்னொரு தடவ எதனா ஆச்சின்னா நீயே இட்டுனு போ."

தனக்கொடி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். கைக்குழந்தை மார்பில் பால் குடித்துக்கொண்டிருந்தது. எதை வைத்து எதிர்த்துப் பேசுவாள்? தொட்டியில் விழுந்தது பொய்யா?

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிள்ளையைப் பார்த்தாள். அடுப்படிச் சுவரில் கரியால் கோடு போட்டாள், ஒரு வேலைக்கு ஒரு கோடு. அதில் எந்தக் கோடு எந்த வேலைக்கு என்பது சாயங்காலத்தில் மறந்துபோனது. விஜயகுமாரியிடம், "நான் எங்கனா போனா 'தம்பி எங்க'ன்னு கேளுடி" என்று சொல்லிவைத்தாள். ஏழு வயதுப் பெண் ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்டாள். கடைசியில் தனக்கொடிக்குத் தன்னைப் பற்றித் தெரிந்த ஒரு விஷயம்தான் கைகொடுத்தது. அவள் கண் அலையும், காது அலையாது. எத்தனை வேலைக்கு நடுவிலும் ஒரு சத்தம் கேட்டால் தலை தானாகத் திரும்பும். கன்றுக்குட்டி கழுத்தில் கிடந்த பித்தளைச் சலங்கையில் மூன்று மணியைப் பிரித்தெடுத்துக் கறுப்புக் கயிற்றில் கோத்துப் பையன் காலில் கட்டினாள்.

தெரு சிரித்தது. "புள்ளையா கன்னுக்குட்டியா?" என்று கேட்டார்கள். கேட்கட்டும் என்று விட்டுவிட்டாள். அவன் கிணற்றுப் பக்கம் போனால் கேட்டது. தெருவில் இறங்கினால் கேட்டது. மாசி பிறந்து நாட்கள் ஓடின. ஒரு கீறல் இல்லை. மகத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து மில்லிலிருந்து வெட்டு உத்தரவு வந்தது. கரும்பு போட்டவர்களுக்கு இது தெரியும். உத்தரவு வந்த தேதியில் வெட்டி அனுப்பாவிட்டால் அடுத்த முறை எப்போதோ. சாமிக்கண்ணு மேஸ்திரி பதினைந்து ஆளோடு இறங்கினார். ஒரு ஏக்கர் கரும்பு, மூன்று நாள் வேலை. வெட்டின கரும்பு வண்டியேறிப் போகும், கரும்புக் கொல்லை முழுக்க உரித்துப் போட்ட காய்ந்த தழை, சோகை என்பார்கள், தொடையளவுக்குக் கிடக்கும். கடைசி வண்டி போன சாயங்காலமே சோகைக்கு நெருப்பு வைத்துவிடுவார்கள். அப்போதுதான் கரும்பின் அடிக்கட்டை சீராகத் துளிர்க்கும். அந்த மூன்று நாளும் பதினைந்து பேருக்குக் காலையில் கூழ், மத்தியானம் சோறும் கருவாட்டுக் குழம்பும் தனக்கொடி பொறுப்பு.

மூன்றாம் நாள் காலை பஸ்ஸில் பவுனம்மாள் வந்துவிட்டாள். ஒத்தாசைக்கு என்று சொன்னாள். பார்வை பிள்ளை மேல்தான் இருந்தது. ஏகநாதனைக் குளிப்பாட்டி, பவுடர் பூசி, தான் கொண்டுவந்த புதுச் சட்டையைப் போட்டாள். காலைப் பார்த்தாள்.

"கண்றாவி. என் தம்பி புள்ளைக்கு மாட்டு சலங்கயா?"

கயிற்றை அவிழ்த்துத் தன் மடியில் சொருகிக்கொண்டாள். தனக்கொடி பின்கட்டில் புளி கரைத்துக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை. தூளியை ஆட்டுவதற்காகப் பள்ளிக்கூடம் போகாமல் நின்ற விஜயகுமாரி பார்த்தாள். அத்தை செய்வதைக் கேட்கக் கூடாது என்று சும்மா இருந்துவிட்டாள்.

அடுப்படியில் தனக்கொடிக்கு ஒரு தடவை என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. என்னவென்று புரியவில்லை. குழம்பில் உப்பாக இருக்கும் என்று இன்னொரு கை உப்பை அள்ளிப் போட்டாள்.

இன்றைக்கு எதுவும் தப்பக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தாள். சோறு தீயவில்லை. குழம்பு பொங்கவில்லை. உச்சிவேளைக்குச் சோற்றுப் பானையைத் தூக்க, தன் பழைய பச்சைப் புடவைத் துண்டைச் சுருட்டிச் சும்மாடாகத் தலையில் வைத்தாள். வாசலில் நின்று, மறக்காமல், தெளிவாகச் சொன்னாள்.

"அண்ணி, நான் கொல்லிக்கு சோறு எடுத்துனு போறேன். நாதன பாத்துக்கங்க."

"போ போ. நான் இன்னாத்துக்கு வந்திருக்கறேன்?" என்றாள் பவுனம்மாள்.

கொல்லை வீட்டுக்குப் பின்னால் வாய்க்காலைத் தாண்டி, கூப்பிடு தூரத்துக்குச் சற்று அதிகம். தலையில் பானை, இடுப்பில் குழம்புச் சட்டி. திரும்பிப் பார்க்க முடியாது. வடகிழக்கு மூலையில் பூவரச மரத்தடியில் ஆட்கள் உட்கார்ந்தார்கள். அவள் பரிமாறினாள்.

"கருவாடு கடல உட்டு வந்தாலும் கடலு கருவாட்ட உடலபோல" என்றார் சாமிக்கண்ணு மேஸ்திரி, உப்பைச் சொல்லி. ஆட்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். உப்போடு போனால் போகட்டும்.

காலிப் பாத்திரங்களைக் கூடையில் அடுக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினாள். வாய்க்கால் தாண்டும்போது சும்மாட்டுத் துணி மரத்தடியிலேயே கிடப்பது நினைவு வந்தது. திரும்பலாம் என்று ஒரு கால் எடுத்தாள். திரும்பினால் அங்கே இன்னொரு வேலை கண்ணில் படும், அதிலிருந்து இன்னொன்று, பொழுது போய்விடும். தன்னைத் தெரிந்தவள் அவள். துணி கிடக்கட்டும் என்று வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் அறைக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளே பவுனம்மாள் பாயில் படுத்திருப்பது கால் மட்டும் தெரிந்தது. பிள்ளையும் பக்கத்தில் தூங்குகிறான் போல. எட்டிப் பார்க்கலாம் என்று இரண்டு அடி வைத்தாள், தூளியில் குழந்தை வீறிட்டது. எடுத்துப் பால் கொடுத்தாள். அப்புறம் பாத்திரங்கள் மலையாகக் கிடந்தன.

வெயில் சாய்ந்த நேரத்தில் பவுனம்மாள் கூந்தலை முடிந்துகொண்டே வெளியே வந்தாள்.

"நாதன் எங்கடி?"

தனக்கொடியின் கையிலிருந்த சட்டி நின்றது. "உங்க கூடதான அண்ணி தூங்கறான்?"

"எங்கூடயா? நீ சோறு எடுத்துனு போவசொல்ல உன் பின்னாலயேதான ஓடியாந்தான். உங்கிட்ட இருக்கறான்னு நான் கண்ண மூடினேன்." குரல் ஏறிக்கொண்டே போனது. "அய்யோ, மறுபடியும் புள்ளய எங்கடி உட்டுட்டு வந்த?"

இந்த இடத்தில் வேறொரு பெண்ணாக இருந்தால், உங்களிடம் சொல்லிவிட்டுத்தானே போனேன் என்று பதிலுக்குக் கத்தியிருப்பாள். தனக்கொடி தனக்குள்ளேயே தேடினாள். சொன்னேனா? சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனேனா? நேற்றுச் சொன்னதா இன்று சொன்னதா? ஏழு வருஷமாக ஊரே சேர்ந்து, உனக்கு ஞாபகம் இல்லை, உனக்கு ஞாபகம் இல்லை என்று சொல்லிச் சொல்லி, தன் ஞாபகத்தைத் தானே நம்பாதவளாக ஆகியிருந்தாள். மறந்துதான் இருப்பேன் என்று முடிவுகட்டிக்கொண்டாள்.

பவுனம்மாளின் சத்தத்துக்குத் தெரு கூடிவிட்டது. ஒருவன் கிணற்றில் குதித்தான். தனக்கொடி மோட்டார் தொட்டிக்கு ஓடிக் கையை விட்டுத் துழாவினாள். வெறும் பாசி. வைக்கோல்போர், மாட்டுக்கொட்டகை, அடுத்த வீட்டுக் குதிர். எங்கும் இல்லை. கிணற்றில் குதித்தவன் தலையைத் தூக்கி இல்லை என்று கையாட்டினான். நிம்மதிப்படவும் முடியவில்லை. "மகத்துக்கு நாலு நாளுகூட தாங்கலியே" என்று யாரோ முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது.

அந்த அமளிக்கு நடுவில் அவள் மனசு ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. அவன் பின்னால் வந்திருந்தால் சத்தம் கேட்டிருக்குமே. தலையில் எத்தனை பானை இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்காமல் போகாதே.

"அண்ணி, அவன் கால்ல சலங்க இருந்துச்சா?"

பவுனம்மாளின் கை தன் மடிக்குப் போனது.

அது போதும். பிள்ளை பின்னால் வந்திருக்கிறான். கொல்லை வரைக்கும் வந்திருக்கிறான். தனக்கொடி தலை நிமிர்ந்து பார்த்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

ஓடினாள். வாய்க்காலைத் தாண்டவில்லை, விழுந்து எழுந்தாள். மேற்கு வரப்பு நெடுக நெருப்பு பிடித்துவிட்டது. சுப்பராயலு கையில் பந்தத்தோடு தெற்கு வரப்புக்கு நடந்துகொண்டிருந்தான்.

"வைக்காதீங்க. புள்ள உள்ள இருக்கறான்."

அவனுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. பந்தத்தை வாய்க்காலில் எறிந்தான். "எந்த எடத்துலடி?"

ஒரு ஏக்கர் சோகை. எங்கே என்று தேடுவது? ஆட்கள் வரிசையாகப் பேர் சொல்லிக் கத்தினார்கள். சோகை வெடிக்கிற சத்தத்தில் அவர்கள் கத்தியது அவர்களுக்கே கேட்கவில்லை. சாமிக்கண்ணு மேஸ்திரி கரும்பு நுனியில் வெட்டிப்போட்ட பச்சைக் கொழுந்தாடைக் கட்டால் நெருப்பை அடித்துப் பார்த்தார். ஒரு பக்கம் அடித்தால் இன்னொரு பக்கம் தாவியது. காற்று கிழக்கே பார்த்து வீசியது. கொல்லைக்குள் இறங்கப் போன சுப்பராயலுவை இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள்.

தனக்கொடிக்கு அப்போது பச்சைத் துணி நினைவு வந்தது. பையனுக்குத் தூக்கம் வந்தால் அம்மா துணி வேண்டும். அவள் புடவை முனை கிடைக்காவிட்டால் அந்தப் பழைய துண்டைத்தான் இழுத்துப்போய்க் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொள்வான். வழியில் எங்கோ கரும்புத் துண்டைக் கண்டு நின்றிருப்பான். அப்புறம் அம்மாவைத் தேடி வந்திருக்கிறான், அம்மா இல்லை, அம்மா துணி இருந்திருக்கிறது.

அவள் வடகிழக்கு மூலைக்கு ஓடினாள். மரத்தடியில் துணி இல்லை. இல்லாதது கண்டு அவளுக்குப் பாதி உயிர் வந்தது. பத்தடி உள்ளே சோகை குவிந்து மேடாகக் கிடந்தது. நிழலான இடம். இரண்டு கையாலும் வாரி எறிந்தாள். சோகையின் விளிம்பு முழங்கை வரை கீறியது. புகையில் கண் தெரியவில்லை. கை தடவிக்கொண்டே போனது. துணி தட்டுப்பட்டது. துணியோடு ஒரு சூடான சின்னக் கால்.

தூக்கிக்கொண்டு வரப்பேறினாள். நெருப்பு இருபது அடியில் இருந்தது. புதுச் சட்டையெல்லாம் கரும்புச் சாறு. "கண்ணு எரியுதுமா" என்று பையன் சிணுங்கினான். அவள் அங்கேயே உட்கார்ந்து அவன் தலையில் முகத்தை வைத்து ஓவென்று அழுதாள்.

வீட்டு வாசலில் எல்லோரும் கூடினார்கள். பின்னால் கொல்லை எரிந்து தணிந்துகொண்டிருந்தது. சுப்பராயலு தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பந்தம் பிடித்த கை அது. அந்தக் கைதான் அவனைப் பேசவைத்தது.

"அக்கா. அவன இட்டுனு போ."

தனக்கொடி பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆனால் ஒருவேளை அதுதான் சரியோ என்றுகூட நினைத்தாள். அவள் வாழ்க்கையிலேயே பெரிய வலி அந்த நினைப்புதான்.

தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற விஜயகுமாரி, யாரையும் பார்க்காமல், பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்.

"அம்மா அத்தகிட்ட சொல்லிட்டுதான் போச்சு. 'நாதன பாத்துக்கங்க'ன்னு சொல்லுச்சு. 'போ போ, நான் இன்னாத்துக்கு வந்திருக்கறேன்'னு அத்த சொல்லுச்சு. சலங்கய அத்ததான் அவுத்துச்சு."

சுப்பராயலு அக்காவைப் பார்த்தான். பவுனம்மாள் மறுக்கலாம். ஏழு வயதுப் பெண் சொல், அதுவும் கவனங்கெட்டவள் பெற்ற பெண். ஊர் பவுனம்மாளைத்தான் நம்பும். அவள் முகத்தைத் தனக்கொடி பார்த்தாள். அந்த முகம் அவளுக்குத் தெரிந்த முகம். மாவுக் கூடையோடு வாசலில் நின்ற அன்றைக்குத் தன் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

பவுனம்மாள் மடியிலிருந்து கறுப்புக் கயிற்றை எடுத்தாள். குனிந்து பையன் காலைத் தேடிப் பிடித்தாள். இரண்டு தடவை முடிச்சு அவிழ்ந்துபோனது. மூன்றாம் தடவை இறுகக் கட்டினாள்.

"நான் இத அவுக்காம இருந்திருந்தா இவளுக்கு கேட்டிருக்கும்பா" என்றாள், தம்பியிடம். முகம் கழுவிக்கொண்டு பையை எடுத்தாள். ஐந்தரை வில்லியனூர் பஸ்ஸில் தனியாகத்தான் போனாள். தனக்கொடி அவளை பஸ் வரைக்கும் கொண்டுபோய் விட்டாள்.

ஆட்கள் போனபின் சுப்பராயலு தொட்டித் தண்ணீரில் கை கால் கழுவிக்கொண்டு வந்தான். தனக்கொடி முழங்கைக் கீறல்களுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான்.

"சொல்லிட்டுதான் போனன்னு அப்பவே ஏன் சொல்லல?"

அவள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"நான் மறந்திருப்பேன்னுதான் நானும் நெனச்சேன்" என்றாள்.